தாம்பரம் வண்டி: பூச்சியக் கணக்கில் சேராதவை

2070-ஆம் ஆண்டுக்குள் இந்தியா 'நிகர பூச்சியம்' ஆகிவிடும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தார்கள். ரயில்வே துறை இன்னும் ஒருபடி மேலே போய், 2030-லேயே நாங்கள் பூச்சியம் என்கிறது. வெளியே விடுகிற கரியமில வாயுவையும் திரும்ப உறிஞ்சப்படுகிற வாயுவையும் நேர்செய்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது இதன் பொருள். அதாவது இது ஒரு பேரேடு. பேரேடு என்று வந்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் பழையவைதாம். கணக்கு எழுதுகிறவர் யார்? எதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்? எதை எழுதாமலே விடுகிறார்?

இந்தக் கேள்விகளை ஒரு வண்டியை முன்வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பீச்–தாம்பரம் மின்சார ரயில். குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு வருஷக்கணக்காக இதில் சீசன் டிக்கெட் வைத்துப் போய்வந்தவன் நான். வண்டியின் மேல் எனக்குப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பிரியத்தால் இதை எழுதவில்லை. போக்குவரத்தில் கரியைக் குறைப்பது என்கிற இன்றைய சொல்லாடல் 'எரிபொருளை மாற்று, எஞ்சினை மாற்று' என்பதோடு நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் எஞ்சின் மாறி 90 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்பதற்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1925 பிப்ரவரியில் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியது. சென்னையில் 1931 மே 11-ஆம் தேதி பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் வந்தது இதுதான் முதல் முறை. ஏறத்தாழ 29 கிலோமீட்டர். நீராவி வண்டிக்கு இரண்டு மணிநேரம் பிடித்த தூரத்தை 49 நிமிஷத்தில் கடந்தது என்று ரயில்வே வரலாறுகள் பெருமையாக எழுதுகின்றன. ஆபீஸ் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி.

செய்தது யார்? லண்டனில் பதிவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி. காற்று சுத்தமாக வேண்டும் என்றா செய்தார்கள்? இல்லை. மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று கிட்டக்கிட்ட ஸ்டேஷன்கள். நின்று நின்று கிளம்புவது நீராவி எஞ்சினுக்குப் பெரிய கஷ்டம், மின்மோட்டாருக்கு அது சாதாரணம். தெற்கே நிலக்கரி கிடையாது, வங்காளம், பீகார் பக்கமிருந்து வர வேண்டும். இன்னொரு பக்கம் மோட்டார் பஸ் புதிதாக வந்து ரயிலின் ஆட்களைப் பறித்துக்கொண்டிருந்தது. இந்த ரயில்–ரோடு போட்டி எந்த அளவுக்குப் போயிற்று என்றால், அதை ஆராய்ந்து மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் 1930-களின் தொடக்கத்தில் ஓர் அறிக்கையே எழுத வேண்டியிருந்தது. ஆக, காலனிய மூலதனம் லாபத்துக்குப் போட்ட கணக்கு அது. இன்று நாம் 'பசுமை' என்று சொல்வது அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அதன் உபரி விளைவாக விழுந்தது.

சரி, கரண்ட் எங்கிருந்து வந்தது? நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதே 1932-இல்தான். 1931-இல் சென்னைக்கு மின்சாரம் என்றால் பேசின் பிரிட்ஜ். அங்கே எரிந்தது கரி. மாம்பலத்தில் வீடு கட்டிக் குடிபோன குமாஸ்தாவின் வேட்டியில் கரித்தூள் விழவில்லை. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தின் காற்றில் புகை இல்லை. புகை வடசென்னையில் இருந்தது. கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் மீனவர்களும் இருந்த பக்கத்தில்.

இந்தப் புவியியல் அதற்கப்புறம் மாறவே இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. பிறகு வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர். எண்ணூர் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள், மற்றவை இருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததைப் பற்றி மீனவர்கள் எத்தனை மனு கொடுத்திருப்பார்கள், எத்தனை முறை தண்ணீரில் இறங்கி நின்று போராடியிருப்பார்கள்! இன்றைக்கும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில்தான் பிறக்கிறது. இப்போது பேரேட்டைப் பாருங்கள். ரயில்வே டீசல் எரித்தால் அந்தப் புகை போக்குவரத்துத் தலைப்பில் ஏறும். டீசலை விட்டுவிட்டு மின்சாரம் வாங்கினால், அதற்காக எரிகிற கரி மின் உற்பத்தி என்ற வேறு தலைப்புக்குப் போய்விடும். 2024 முடிவதற்குள் அகலப்பாதையில் 95 விழுக்காட்டுக்கு மேல் மின்மயம் ஆகிவிட்டது என்பது மெய்யான சாதனைதான். ஆனால் அதில் ஒரு பகுதி கரியை ஒழித்தது அல்ல, ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதியது. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் வாங்கி அந்தப் பக்கத்தையும் நேர்செய்துவிடுவோம் என்கிறார்கள். செய்யட்டும். எண்ணூர்க்காரர்கள் இத்தனை வருஷம் சுமந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

இதைச் சொன்னவுடன் 'அப்போ மின்சார ரயிலே மோசடியா?' என்று நண்பர்கள் சிலர் குதிக்கிறார்கள். அப்படி நான் சொல்லவில்லை. கரிக் கரண்டிலேயே ஓடினாலும், பன்னிரண்டு பெட்டியிலும் ஆள் பிதுங்க ஓடுகிற ஒரு வண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒற்றை ஆளைச் சுமந்து ஊர்கிற காரைவிட ஆளுக்கு மிகச் சொற்பமாகத்தான் புகை விடும். ஆனால் அந்தச் சொற்பத்துக்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். மோட்டார் பாதிக் காரணம். மீதிப் பாதி, ஆள் பிதுங்குவது. ஏன் பிதுங்குகிறது? சீசன் டிக்கெட்.

நமது அறிவுஜீவிகள் ரயிலைப் பற்றி எழுதும்போது எஞ்சினை எழுதுவார்கள், பாலத்தை எழுதுவார்கள், பிரிவையும் பயணத்தையும் பற்றிக் கவிதை எழுதுவார்கள். சீசன் டிக்கெட்டைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மாதச் சீசனுக்கு இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணத்தின் காசு. மாதத்தில் 50 தடவை போய்வருகிற தொழிலாளி 15-க்குக் காசு கொடுக்கிறார். இது தர்மம் அல்ல. மூலதனத்துக்கு ஆள் வேண்டும், ஆளை நகரத்துக்கு நடுவில் குடிவைக்க இடமும் இல்லை, மனசும் இல்லை. எனவே தூரத்தில் குடிவைத்து மலிவாக ஏற்றிவருவது. கூலியைக் குறைவாக வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது என்று மார்க்சியர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் மக்கள் அதைத் தங்கள் ஏற்பாடாக மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதையை ஒட்டியே ஊர் வளர்ந்தது. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. (ஏரியைத் தின்ற கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, தனியாக எழுத வேண்டியது.) 1937-இல் கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து கிளம்பித் தாம்பரத்துக்கு வந்தது. பேரே குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த எங்கள் குரோம்பேட்டை, நங்கநல்லூர், பல்லாவரம் எல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தைக் கணக்குப் பண்ணி வளர்ந்த ஊர்கள். மனை விற்கிறவன் இன்றைக்கும் முதலில் சொல்வது 'ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சு நிமிஷம்' என்பதைத்தான்.

கார் வாங்கத் தேவைப்படாத ஒரு நகர வாழ்க்கை இப்படி உருவானது. யாரும் திட்டமிடவில்லை, யாரும் 'பசுமை' என்று பேர் வைக்கவில்லை. அதைப் புனிதப்படுத்தவும் நான் தயாராக இல்லை. பாதையோரக் குடியிருப்புகளில் எந்தத் தெரு யாருக்கு என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. மேற்கு மாம்பலத்து வீட்டுக்காரர் வாடகைக்கு விடும்போது என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதே வீட்டுக்காரர் காலை எட்டு நாற்பது வண்டியில் யார் தோளில் இடிபட்டு நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பூக்கூடைக்காரி, பார்வையற்ற பாடகர், கோட்டை ஸ்டேஷனில் இறங்குகிற தலைமைச் செயலகத்துக் குமாஸ்தா, சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் முடிந்து திரும்புகிற பெண்கள். பெட்டி சமத்துவத்தைக் கற்றுக்கொடுத்தது என்பது ரொமாண்டிக் பேச்சு. நெருக்கடி ஒதுங்கி நிற்பதற்கு இடம் விடவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவே நம் ஊரில் எவ்வளவோ.

இதை எப்படிக் கலைத்தார்கள் என்பது இன்னொரு வரலாறு. முதலில் போனது டிராம். 1895-இல் சென்னையில் ஓடத் தொடங்கியது, இந்தியாவின் முதல் மின்சார டிராம். நஷ்டம் என்று 1953 ஏப்ரலில் கம்பெனி மூடியபோது எடுத்து நடத்த அரசு முன்வரவில்லை. புகை விடாத ஒரு வண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தை டீசல் பஸ்ஸுக்குக் கொடுத்தோம். பஸ்ஸாவது பொதுவில் இருந்தது. 1970 வாக்கில் இந்த நகரத்தின் பயணங்களில் ஏறத்தாழ பாதி பஸ்ஸிலும் ரயிலிலும் நடந்தன. 2000-களின் நடுவில் அது மூன்றில் ஒன்றுக்குத் தேய்ந்துவிட்டது. இடையில் என்ன நடந்தது? 1990-களின் நடுவில் ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது, ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று நாமே அழைத்துச் சந்தோஷப்பட்டோம். கார் செய்கிற ஊர் கார் ஓடுவதற்கு ரோடு போடாமல் இருக்க முடியுமா? 2008-இல் கத்திப்பாரா மேம்பாலம். வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு வெளிவட்டச் சாலை. ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனது, ரோடு இருக்கிறது, நெரிசல் இருக்கிறது. அதே காலத்தில் வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையே பறக்கும் ரயிலின் ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு, 2008-இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக 2010-கள் முழுக்க அந்தரத்தில் நின்றது. தூண் தூணாக, மேலே ஒன்றும் இல்லாமல். மேம்பாலத்துக்கு நிலம் கிடைக்கிற ஊரில் ரயிலுக்குக் கிடைக்கவில்லை.

போக்குவரத்தின் கரியமில வாயுவில் பத்தில் ஒன்பது பங்கு ரோட்டிலிருந்து வருகிறது. ஆக, ரயில்வே பூச்சியம் ஆவது நல்ல செய்திதான், சுலபமான செய்தியும்கூட. ரோடு பூச்சியம் ஆவது எப்படி என்று கேட்டால் மின்சாரக் கார், மின்சார ஸ்கூட்டர் என்று பதில் வருகிறது. அதாவது ரோடும் நெரிசலும் ஒற்றை ஆளும் அப்படியே இருப்பார்கள், டாங்க் மட்டும் பாட்டரி ஆகும். கரி மறுபடியும் வடக்கே போகும். 1974-இல் இவான் இல்லிச் 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற சிறு நூலில், ஒரு எல்லைக்கு மேல் வேகம் ஏற ஏறச் சிலருடைய நேரம் மிச்சமாவது பலருடைய நேரத்தைத் திருடித்தான் என்று வாதிட்டார். வண்டி எதில் ஓடுகிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். இங்கே அதை ஏன் நினைவுபடுத்துகிறேன் என்றால், நம் சூழலியல் பேச்சில் இந்த அரசியல் கேள்வி தொலைந்துபோய்விட்டது. 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் உலக அளவில் கேட்டார்கள்: ஏழையின் வயலிலிருந்து வரும் வாயுவையும் பணக்காரனின் காரிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா, பிழைப்புக்கான வெளியேற்றமும் ஆடம்பரத்துக்கான வெளியேற்றமும் ஒன்றா? டில்லி அரசுகள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுபோய் அமெரிக்காவுக்கு எதிராக நன்றாகவே பயன்படுத்தின. அதையே போயஸ் தோட்டத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பூச்சியத்துக்கு ஏற்கனவே மிகப் பக்கத்தில் இருக்கிறவர்களை இந்தக் கட்டமைப்பு எப்படி நடத்துகிறது என்பதற்கு 2018 ஜூலை 24 போதும். அன்று காலை மின்கம்பிக் கோளாறால் புறநகர் வண்டிகள் தாறுமாறாயின. கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை ஸ்டேஷனில் பாதை ஓரத்துக் கான்கிரீட் சுவரில் மோதினார்கள். குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். அதே இடத்தில் முந்தின நாளும் சாவு விழுந்திருந்தது. 'படியில் தொங்காதீர்கள்' என்று எல்லாரும் உபதேசம் செய்தார்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் பஸ் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியிருந்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு கொஞ்சம் இறங்கிவந்தது, ஆனால் பஸ்ஸை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. இரண்டையும் நேர்க்கோடு போட்டு இணைக்க என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் பஸ்ஸில் காசு ஏறினால் ரயில் படியில் ஆள் ஏறும் என்பது எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

2025 ஏப்ரலில் இதே பாதையில் ஏசி வண்டி விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், இதில் 35. வியர்க்காமல் போக விரும்புகிறவர்கள் போகட்டும், எனக்கொன்றும் வருத்தம் இல்லை. அந்தப் பாதையில் அந்த நேரத்தில் ஒரு சாதாரண வண்டி போயிருக்கலாமே என்பது மட்டும்தான். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் வந்தன. நல்ல பஸ்கள், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் வண்டியும் டிரைவரும் தனியாருடையது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு காசு கொடுக்கும். புகையைக் குறைக்கிறோம் என்ற பேரில் பொதுத்துறை டிரைவர் வேலையும் சேர்ந்து குறைகிறது என்று தொழிற்சங்கங்கள் சொன்னதை எந்தப் பசுமை அறிக்கையும் கண்டுகொள்ளவில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தபோது பக்கத்திலேயே ரயில் பாதை இருந்தது, ரயில் நிலையம் இல்லை. தெற்கேயிருந்து நள்ளிரவில் வந்து இறங்குகிற குடும்பம் மூட்டையோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிற்று.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். மகளிர் நலத் திட்டமாகத்தான் அது பேசப்படுகிறது, பொருளாதாரப் பத்திரிகைகளில் 'இலவசம்' என்று திட்டும் வாங்குகிறது. என்னைக் கேட்டால் கடந்த 50 வருஷத்தில் இந்த மாநிலம் செய்த போக்குவரத்துச் சீர்திருத்தங்களில் கரியைக் குறைப்பதற்கு நெருக்கமானது இதுதான். கட்டணம் பூச்சியம். பெண்கள் ஷேர் ஆட்டோவை விட்டு பஸ்ஸுக்கு வந்தார்கள். எந்த மோட்டாரையும் மாற்றவில்லை.

ஆனால் அந்த பஸ்ஸில் ஏறுகிற பெண்களில் ஒரு சாராரை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதியும் அடுத்த நாளும் பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுத் தண்ணீரில் மூழ்கின. பருவநிலை மாற்றம் என்ற வார்த்தை எங்கள் தெருவுக்குள் வந்தது அன்றைக்குத்தான். ஏரியில் கட்டிய அடுக்குமாடிகள் நின்றன. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடிசைகளை 'வெள்ள அபாயம்' என்று இடித்தார்கள். 2000-இலிருந்தே கண்ணகி நகருக்கும் பிறகு செம்மஞ்சேரிக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், இப்போது பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். அங்கே ரயில் கிடையாது. வெள்ளம் மட்டும் அங்கேயும் வரும்.

பாலத்துக்கு அடியில் இருந்தவரை சாந்தோமில், மயிலாப்பூரில் வீட்டு வேலைக்கு நடந்து போனவர்கள் இவர்கள். இவர்கள் போக்குவரத்தின் கரிக் கணக்கு அன்றைக்குச் சரியாகப் பூச்சியம். பருவநிலையின் பேரால் அவர்களைப் பெயர்த்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நட்டு, நடந்தவர்களைப் பயணிகளாக்கிவிட்டு, இப்போது அந்தப் பயணத்தின் புகையை எப்படிக் குறைப்பது என்று திட்டம் தீட்டுகிறோம். திட்ட அறிக்கைகளில் இது 'பயணத் தேவை வளர்ச்சி' என்று வரும், ஏதோ தானாகப் பெருகியது போல. அங்கிருந்து வருகிற ஓர் அம்மா எங்கள் பக்கத்து வீட்டில் வேலை செய்தார். முதல் பஸ்ஸை விட்டுவிட்டால் இரண்டு வீட்டு வேலை போச்சு என்பார். ஆறு மாசம் வந்தார். பிறகு வரவில்லை. பெரும்பாக்கத்திலேயே அடுக்குமாடி ஒன்றில் பெருக்கித் துடைக்கப் போகிறார், பாதிச் சம்பளம், நடக்கிற தூரம் என்று சொல்லியனுப்பினார்.